தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இலத்தீன் பாதி தெரியும்

பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. இரண்டு பேரையும் வீட்டில் வைத்துத்தான் படிப்பிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணி, "பிள்ளைகளுக்கு இலத்தீன் சொல்லிக் கொடு, இங்கிலீஷ் தானாக வந்துவிடும்" என்று சொல்லி ஆங்கிலத்தில் எழுதிய இலத்தீன் புத்தகம் ஒன்றையும் அனுப்பி வைத்திருக்கிறார். மூன்று வாரம் முயன்று பார்த்தார்களாம். மகள் அழுகிறாள், மகன் ஓடிப் போய்விடுகிறான். "எனக்கே இலத்தீன் தெரியாது, நாங்கள் சைவக்காரர், இது சர்ச் பாஷைதானே, விட்டுவிடவா?" என்பது கேள்வி.

விட வேண்டாம் தங்கச்சி. அந்தப் புத்தகத்தை மட்டும் ஒரு வருடத்துக்கு அலுமாரியில் வையுங்கள்.

நான் சின்ன வயதில் கத்தோலிக்கப் பாதிரியாராவதற்குப் படிக்கிற குருமடத்தில் சில வருடம் இருந்துவிட்டு, சாமியாராகாமல் வெளியே வந்தவன். அங்கே எனக்கும் ஆங்கிலம் வழியாகத்தான் இலத்தீன் சொல்லித் தந்தார்கள். ஆங்கிலமும் அரைகுறை, இலத்தீனும் புதுசு. 'பை, வித், ஃப்ரம்' என்று மந்திரம் மாதிரி ஒப்பித்தோம், பிழைத்தால் பிரம்பு. அது நம் தமிழின் 'ஆல், ஓடு, இருந்து' என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஹட்டன் பக்கத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தபோது, ஒரு விளையாட்டுக்காகத் தமிழ் வழியாகவே இலத்தீனைத் தொடங்கிப் பார்த்தேன். எனக்கு எட்டு மாதம் பிடித்ததை அவர்கள் ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

காரணம் எளிது. அந்தப் புத்தகங்கள் ஆங்கிலப் பிள்ளைக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு ஒட்டும் வழக்கம் கிட்டத்தட்டச் செத்துப் போய்விட்டது. அதனால் முதல் ஐம்பது பக்கம் 'வேற்றுமை என்றால் என்ன' என்று விளக்குவதிலேயே போய்விடும். உங்கள் மகளோ பேசத் தொடங்கிய நாளிலிருந்து வேற்றுமையோடுதான் பேசுகிறாள். அவளை ஆங்கிலம் வழியாக இலத்தீனுக்குக் கூட்டிப் போவது, ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவரைக் கண்டியைச் சுற்றிப் போகச் சொல்வது மாதிரி.

முதல் நாள் பாடம் ஒரே ஒரு வசனம்தான். 'புவெல்ல அக்வம் பொர்த்தத்.' புவெல்ல என்றால் சிறுமி, அக்வ என்றால் தண்ணீர், பொர்த்தத் என்றால் சுமக்கிறாள். சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள். (இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். பிள்ளைகளின் கொப்பியில் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள்.) எழுவாய் முன்னே, செயப்படுபொருள் நடுவே, வினை கடைசியில். அப்படியே தமிழ் ஒழுங்கு. 'அக்வ' என்பது 'அக்வம்' ஆனது ஏன் என்று மகளிடம் கேளுங்கள். 'தண்ணீர்' 'தண்ணீரை' ஆன மாதிரி என்று அவளே சொல்வாள். இலத்தீனில் ஆண்பால், பெண்பால் பெயர் எதுவானாலும், ஒருமையில் செயப்படுபொருளாக வந்தால் வாலில் அந்த 'ம்' நிற்கும். நம் 'ஐ' உருபின் வேலையை அது செய்கிறது. அப்புறம் சொற்களைக் கலைத்துப் போடச் சொல்லுங்கள். 'அக்வம் புவெல்ல பொர்த்தத்' என்றாலும் சுமப்பவள் சிறுமிதான். 'தண்ணீரைச் சிறுமி சுமக்கிறாள்' என்றால் தமிழில் பொருள் குழம்புமா? குழம்பாது. ஆங்கிலத்தில் இப்படிக் கலைத்தால் தண்ணீர் சிறுமியைத் தூக்கிக்கொண்டு போகும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சொற்களை எழுதி வெட்டி, தரையில் போட்டு மாற்றி மாற்றி அடுக்க விடுங்கள். மகன் ஓடிப் போக மாட்டான்.

வினையில் இன்னொரு வசதி. 'பொர்த்தோ' என்றால் சுமக்கிறேன், 'பொர்த்தாஸ்' என்றால் சுமக்கிறாய். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். தமிழில் அவன், அவள், அது என்று விகுதி பிரியும். இலத்தீனில் மூன்றுக்கும் ஒரே 'பொர்த்தத்'தான். ஆக மனப்பாடம் செய்யவும் நம்மைவிடக் குறைவு.

வேற்றுமைகளுக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தமிழில் எட்டு, இலத்தீனில் ஆறு. எழுவாய்க்கு எழுவாய், 'ஐ'க்கு ஒன்று, 'கு'வுக்கு ஒன்று, 'உடைய'வுக்கு ஒன்று, விளிக்கு ஒன்று. ஐந்து இப்படி நேருக்கு நேர் பொருந்திவிடும். மிச்சம் நம்மிடம் மூன்று இருக்கின்றன. மூன்றாம் வேற்றுமை (ஆல், ஓடு), ஐந்தாம் வேற்றுமை (இன், இருந்து), ஏழாம் வேற்றுமை (இல், கண்). இலத்தீனில் மிஞ்சியிருக்கிற ஆறாவது ஒன்றே இந்த மூன்றின் வேலையையும் செய்கிறது. ஆதியில் அங்கேயும் மூன்றும் தனித்தனியாக இருந்து, காலப்போக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன. குருமடத்தில் எங்களை அழ வைத்த வேற்றுமை இதுதான். தமிழ்ப் பிள்ளைக்கு 'மூன்று வேலையை ஒரு ஆள் பார்க்கிறார்' என்று சொன்னால் போதும், பெரிய பிரசங்கம் வேண்டாம்.

நன்னூலில் ஐந்தாம் வேற்றுமைக்கு 'நீங்கல் ஒப்பு எல்லை ஏது' என்று நான்கு பொருள் சொல்லியிருக்கிறது, பள்ளியில் படித்திருப்பீர்கள். நீங்கலுக்குப் பழைய உதாரணம் 'மலையின் வீழ் அருவி'. தலவாக்கலைப் பக்கம் டெவன் அருவியைப் பார்த்த பிள்ளைக்கு அதை விளக்கவே தேவையில்லை. இலத்தீனில் 'அக்வ தே மொந்தெ கதித்', தண்ணீர் மலையிலிருந்து விழுகிறது. 'மொந்தெ' அந்த ஆறாவது வேற்றுமை. ஒப்புப் பொருளுக்கு 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்போம். ரோமர்கள் தேனைவிட இனியது என்பதற்கு 'மெல்லெ துல்கியொர்' என்பார்கள். 'தேனின் இனியது' என்று ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் தமிழில் வைத்துவிடலாம். அவர்களும் ஒப்பிடுவதற்கு அதே நீங்கல் வேற்றுமையைத்தான் எடுத்திருக்கிறார்கள். இதை முதன்முதல் கண்டபோது நான் நன்னூலைத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் தூக்கம் வரவழைத்த புத்தகம் அது.

நான்காம் வேற்றுமையும் இப்படித்தான். 'மிஹி' என்றால் எனக்கு. 'மிஹி பிளகெத்' என்றால் எனக்குப் பிடிக்கும். 'மிஹி துவோ ஃபீலியீ சுந்த்', எனக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் 'நான் விரும்புகிறேன்', 'நான் வைத்திருக்கிறேன்' என்று தன்னை முன்னால் நிறுத்துகிற இடத்தில் ரோமரும் நாமும் 'எனக்கு' என்று பின்னால் நிற்கிறோம். ஆனால் 'எனக்குப் பசிக்குது' என்பதற்கு இது ஓடாது. ரோமர் 'ஏசுரியோ' என்று ஒரே வினையில் முடித்துவிடுவார்கள். எல்லாம் பொருந்தும் என்று பிள்ளைக்கு ஆசை காட்டிவிடக் கூடாது.

கேள்விக்குத் தமிழில் 'ஆ' ஒட்டுகிறோம், வருகிறானா என்று. இலத்தீனில் 'நெ' ஒட்டும்: 'வெனித்நெ?' அப்பாவும் அம்மாவும் என்பதற்கு 'பதெர் மாதெர்க்வெ'. அந்த 'க்வெ'தான் நம் 'உம்', பெரும்பாலும் இரண்டாவது சொல்லில் மட்டும் ஒட்டும். மகனுக்கு இதெல்லாம் நல்ல விளையாட்டு.

எட்டு வயதுக்கு வாய்பாடு எதுவும் வேண்டாம். ஏவல் மட்டும் போதும். 'வெனீ' வா, 'செதே' உட்கார், 'சுர்கெ' எழும்பு, 'தா மிஹி' எனக்குத் தா. பன்மைக்குப் பெரும்பாலும் 'தெ' சேர்த்தால் ஆயிற்று: 'வெனீதெ', வாருங்கள். மரியாதைப் பன்மை அந்தக் கால இலத்தீனில் கிடையாது, பேரரசரையும் நீ என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டியிடம் 'வெனீ' என்று சொல்ல அனுமதி கிடைத்த பிள்ளை அந்தச் சொல்லை மறக்கவே மாட்டான். இலத்தீன் 'தா'வும் தமிழ் 'தா'வும் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதைப் பார்த்து இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். அது தற்செயல்.

சரி, எங்கே இடறும்? முதலாவது பால். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பால் வரும். அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். 'ஏன்?' என்று பிள்ளை கேட்டால் 'அவர்கள் வழக்கம் அப்படி' என்பதுதான் நேர்மையான பதில். அடைமொழியும் பாலுக்கு ஏற்றபடி மாறும். நம் 'நல்ல' எதன் முன் வந்தாலும் மாறாது, அதனால் இங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள். 'நல்ல'வை விட்டுவிட்டு 'நல்லவன், நல்லவள், நல்லது' என்று கொடுங்கள். 'பொனுஸ், பொன, பொனும்.' அவ்வளவுதான். இரண்டாவது, இலத்தீன் பெயர்கள் ஐந்து கூட்டமாகப் பிரிந்து கூட்டத்துக்கு ஒரு உருபு வரிசை வைத்திருக்கின்றன. நமக்கு மரத்தை, வீட்டை, ஆற்றை என்று சொல்லின் உடல் மாறும், உருபு மாறாது. அங்கே உருபே மாறும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. முதல் வருடத்தில் இரண்டு கூட்டத்துக்கு மேல் போகாதீர்கள். மூன்றாவது, 'அவன் வருகிறான் என்று சொன்னாள்' என்பதில் வருகிற 'என்று' பழைய இலத்தீனில் கிடையாது, வசனத்தையே வேறு மாதிரி முறுக்க வேண்டும். அது இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற விஷயம்.

அஃறிணையில் ஒரு அழகான இடம் இருக்கிறது. இலத்தீனில் மூன்றாம் பால் பெயர்களுக்கு எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம், உருபு ஏறாது. 'ஃபேமின ஃபொலியும் கர்பித்', பெண் இலை பறிக்கிறாள். நம் ஆட்களும் 'கொழுந்து பறிக்கிறாள்' என்றுதானே சொல்கிறார்கள், 'கொழுந்தைப் பறிக்கிறாள்' என்றா? இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று இலக்கணத்தில் பேர் வைத்திருக்கிறோம். இந்த 'கர்பித்' சொல்லைக் கட்டாயம் படிப்பியுங்கள். ஹொரேசு என்ற கவிஞரின் 'கர்பெ தியெம்' என்ற தொடரை உலகம் முழுக்கச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், 'நாளைப் பிடி' என்று மொழிபெயர்த்து. சொல்லுக்குச் சரியான பொருள் 'பறி'. கொழுந்து பறிக்கிற, பூப் பறிக்கிற அதே பறி. நாளைப் பறிப்பது என்றால் என்னவென்று, முழுநாள் கூலியான முழுப்பேருக்கும் அரைநாள் கூலியான அரைப்பேருக்கும் நடுவே நாளைக் கழிக்கிற லயத்து ஆட்களைவிட யாருக்குத் தெரியும்?

உங்களுக்கு இலத்தீன் தெரியாது என்கிறீர்கள். உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கிற மரங்களுக்குத் தெரியும். வெலிமடை வழியாக ஹக்கலைப் பூங்காவுக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். 1861இல் மலேரியா மருந்து தருகிற கொயினா மரம் வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம் அது. வசதிப்பட்டால் பேராதனைக்கும் போகலாம், அது 1821இல் இருந்து இருக்கிறது. பெயர்ப் பலகைகளைக் கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள், அதுவே ஒரு மாதப் பாடம்.

மாமரத்துக்கு 'மாஞ்சிஃபெரா இந்திகா' என்று பெயர். 'ஃபெரா' என்றால் தாங்குவது, சுமப்பது. முன்னால் நிற்கிற 'மாஞ்சி' நம் மாங்காய்தான், போர்த்துக்கேயர் வாய் வழியாகப் போய் உருமாறியது. முருங்கை 'மொரிங்கா ஒலெயிஃபெரா', எண்ணெய் தாங்குகிற முருங்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 'ஃபெரா'வைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். கறிவேப்பிலை 'முர்ராயா கொய்னிகியீ'. தரங்கம்பாடியில் இருந்த கேனிக் என்ற மருத்துவரின் பெயரோடு 'உடைய' வேற்றுமையின் உருபு ஒட்டியிருக்கிறது, கேனிக்கினுடைய என்று பொருள். தேயிலை 'கமெல்லியா சினென்சிஸ்', சீனத்தைச் சேர்ந்தது. இரப்பர் 'பிரசிலியென்சிஸ்' என்றால் எந்த நாடு என்று மகனிடம் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் ஒவ்வொரு வகுப்பிலும் நின்று சொல்கிற பெயர் 'ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ்'. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் தெரிந்த பூஞ்சைக்கு வைத்த பெயர். 'வஸ்தாதொர்' என்றால் பாழாக்குபவன், 'வஸ்தாத்ரிக்ஸ்' என்றால் பாழாக்குபவள். நம் '-பவன்', '-பவள்' மாதிரியே 'தொர்', 'த்ரிக்ஸ்'. அவள் இருபது வருடத்துக்குள் கோப்பியை அழித்தாள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுத் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்காகக் கூட்டி வரப்பட்ட நம் முன்னோர் தேயிலைக்கு மாறியதும், இன்று நாம் இங்கே இருப்பதும் அந்தப் பூஞ்சையின் கதையோடு ஒட்டியது. ஒரு விகுதி படிப்பிக்கப் போய் பாதிச் சரித்திரம் படிப்பித்து முடிப்பேன்.

சர்ச் பாஷையா என்று கேட்டீர்கள். பிறகு சர்ச் பாஷை ஆனது உண்மை. ஆனால் இலத்தீனின் பெரிய எழுத்தாளர்களான சிசரோவும் வேர்ஜிலும் யேசு பிறப்பதற்கு முன்பே செத்துப் போனவர்கள். அதற்காகச் சர்ச்சை ஒதுக்கவும் வேண்டாம், மலையகத்தில் இலத்தீன் அங்கேதான் அதிகம் கிடைக்கும். பழைய கல்லறைகளில் 'ரெக்வியெஸ்கத் இன் பாச்சே' என்று இருக்கும். சாந்தியில் இளைப்பாறுக. 'இளைப்பாறுக' என்ற வியங்கோள் வினைமுற்று இலத்தீனில் அப்படியே இருக்கிறது. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியின் வாசகம் 'ஃபிதே எத் விர்தூதெ', விசுவாசத்தாலும் ஆற்றலாலும்: 'ஆல்' உருபு இரண்டு முறை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் ஒரு குருமடம் தொடங்கினார். இந்தியா முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து படித்தார்கள். 1955இல் அது பூனாவுக்குப் போய்விட்டது. அதன் வாசகம் 'ஃபீலியீ துயீ, இந்தியா, அத்மினிஸ்த்ரீ திபி சலூதிஸ்'. உன் பிள்ளைகள்தான், இந்தியாவே, உனக்கு மீட்பினுடைய பணியாளர். எழுவாய், விளி, 'கு', 'உடைய' என நான்கு வேற்றுமை ஒரே வரியில் நிற்கிறது. வினைச்சொல்லும் இல்லை, 'அவர் ஆசிரியர்' என்று நாம் சொல்கிற மாதிரி. சைவப் பிள்ளைக்கு இதில் நம்பிக்கை வேண்டியதில்லை, இலக்கணம் கிடைத்தால் போதும். அந்தப் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்க் 1716இல் ஜேர்மனியில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதியது. வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனாக்கினார். அவர்கள் இலத்தீன் வழியாகத் தமிழுக்குள் வந்தார்கள், உங்கள் பிள்ளைகள் அதே பாதையில் எதிர்த்திசையில் போகிறார்கள்.

உச்சரிப்புக்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். சர்ச் வழக்கில் 'பாச்சே', பழைய ரோமர் வழக்கில் 'பாகெ'. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் போங்கள். உங்களுக்கு நான் பழையதைச் சொல்வேன், ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி. குறில் நெடிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'மலும்' தீமை, 'மாலும்' அப்பிள் பழம். 'புவெல்ல' எழுவாய், 'புவெல்லா' அந்த ஆறாவது வேற்றுமை. கல்லும் காலும் வேறு என்று தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. ப, த, க ஒலிகளில் இரண்டு வகை உண்டு, தமிழ் எழுத்து அதைக் காட்டாது. சிங்களம் பேசுகிற பிள்ளைகள் காதாலேயே பிரித்துவிடுவார்கள்.

நேரம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் வாயால். எழுதுவது கிழமையில் இரண்டு நாள் போதும். நீங்கள் ஒரு பாடம் முன்னால் போனால் போதும். மகள் உங்களை முந்திவிட்டால் அவளையே தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க விடுங்கள்.

அண்ணி சொன்ன 'இங்கிலீஷ் தானாக வரும்' என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 'பொர்த்தத்' தெரிந்தால் போர்ட்டர், ட்ரான்ஸ்போர்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட் எல்லாம் ஒரு குடும்பம் என்று புரியும், சொல்வளம் கூடும். ஆங்கிலத்தில் பேசுவதும் எழுதுவதும் ஆங்கிலத்தில் பேசி எழுதினால்தான் வரும். சிங்களத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு நிமிடம்கூட இலத்தீனுக்குக் கொடுக்காதீர்கள். இந்த ஊரில் பிழைக்க அது வேண்டும். சோதனையில் புள்ளி எடுக்கவும் இதைப் படிப்பிக்க வேண்டாம்.

மகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது பிளினி என்ற ரோம எழுத்தாளரின் 'இயற்கை வரலாறு' நூலில் ஆறாம் புத்தகத்திலிருந்து சில வரிகளை எடுத்துப் பாருங்கள். கிளவுதியுஸ் பேரரசர் காலத்தில் ரோமர் ஒருவரிடம் வேலை பார்த்த ஆள், காற்றில் அடிபட்டுத் தப்ரொபானேக்கு வந்து சேருகிறார். நம் இலங்கைதான். அரசர் அவரை ஆறு மாதம் வைத்திருந்து ரோமைப் பற்றி விசாரிக்கிறார். வந்தவரிடமிருந்த வெள்ளிக்காசுகளில் வேறு வேறு தலைகள், ஆனால் எல்லாம் 'பொந்தெரெ', அதாவது எடையால், சமம். அந்த நேர்மையைப் பார்த்து வியந்து நான்கு தூதரை ரோமுக்கு அனுப்பினாராம். வகுப்பில் இந்த இடத்தை வாசித்து 'பொந்தெரெ' எந்த வேற்றுமை என்று கேட்டேன். பின் வரிசையில் ஒரு பையன், அவன் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்துத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறவர், கையைத் தூக்கினான். "மூன்றாம் வேற்றுமை சேர். சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கலையா?"